தோட்ட வாரியம் கண்ட ஊரில்

உத்திரமேரூருக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் வைகுண்டப் பெருமாள் கோயிலின் கருங்கற் சுவர்களில் பொறிக்கப்பட்டிருக்கும் முதலாம் பராந்தக சோழன் காலத்துச் சாசனங்களைப் பார்த்து, கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் இவ்வூர்ச் சபையார் ஊரின் பிரிவுகளாகிய 30 குடும்புகளிலிருந்தும் பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு, ஒன்றுமறியாத பாலகன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்து, வாரியப் பெருமக்களைத் தேர்ந்தெடுத்த முறையை வியந்துவிட்டுத் திரும்புகிறார்கள். அது வியக்கத்தக்கதுதான். ஆயினும் அந்த ஏற்பாட்டிலேயே, ஏரியைப் பராமரிக்க ஒரு வாரியம் இருந்ததைப் போல, தோட்டங்களைக் கவனிப்பதற்கென்றே ‘தோட்ட வாரியம்’ என்று ஒன்று இருந்ததென்பதையும், ஏரி வாரியத்துக்கு 6 பேர் போதுமென்று கருதிய சபையார் தோட்டத்துக்கு 12 பேரை நியமித்தார்கள் என்பதையும் நின்று யோசிப்பவர்கள் மிகச் சிலரே.

இன்னும் ஒரு விசேஷம் உண்டு. ஊரின் பெரும் பொறுப்பாகிய சம்வத்சர வாரியத்துக்கு ஆளெடுக்கும்போது, முன்பே தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் செய்தவர்களையும், கல்வியிலும் வயதிலும் முதிர்ந்தவர்களையும் கொள்ள வேண்டும் என்று 921ஆம் ஆண்டுச் சாசனம் விதிக்கிறது. செடிக்கும் நீருக்கும் பொறுப்பேற்று 360 நாட்கள் பணி செய்து பழகியவனிடம்தான் ஊரையே நம்பி ஒப்படைக்கலாம் என்று அந்தப் பெரியவர்கள் எண்ணியிருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். தோட்டத்தை ஓய்வு நேரத்துப் பொழுதுபோக்காகவும், அதில் கிடைக்கும் சந்தோஷங்களை அற்பமானவையாகவும் கருதும் மனோபாவம் இந்த மண்ணுக்கு அந்நியமானது.

இன்றைக்கும் இந்தப் பகுதியின் கிராமங்களில், நவரையும் சொர்ணவாரியும் சம்பாவும் விளையும் வயல்களுக்கு நடுவே அமைந்த வீடுகளின் கொல்லைப்புறத்தைப் போய்ப் பார்த்தால், பாத்திரம் தேய்க்கும் தண்ணீர் ஓடிச் சேரும் இடத்தில் இரண்டு வாழை, அதன் காலடியில் சேம்பு, கிணற்றோரம் கறிவேப்பிலை, வேலியில் என்றோ நட்ட போத்து தழைத்து வளர்ந்த முருங்கை, எரு கொட்டுமிடத்தில் தானாக முளைத்துக் கூரைமீது ஏறிவிட்ட பூசணி என்று, யாரும் திட்டமிட்டு வரைந்ததாகத் தோன்றாத, ஆனால் ஒரு துளி நீரும் வீண் போகாத ஒழுங்கு ஒன்று தென்படும். இவற்றுக்கென்று தனியாகச் செலவு செய்தவர் அநேகமாக யாருமில்லை. வீட்டில் மிச்சமானதெல்லாம் தோட்டத்துக்குப் போய், தோட்டத்திலிருந்து குழம்புக்கு வந்து சேருகிறது.

இவற்றுள் எனக்கு மிகவும் பிரியமானது பந்தல் அவரை. ஆடியில் ஊன்றிய விதை நாலைந்து நாளில் முளைத்து, ஆவணியிலும் புரட்டாசியிலும் பந்தல் முழுவதும் படர்ந்து, பார்க்கிறவர்கள் ‘இலைதான் இருக்கிறது, காய் எங்கே?’ என்று கேட்கும்படியாக மாதக்கணக்கில் பச்சையாக மட்டுமே நின்று, பிறகு மார்கழிப் பனியில் ஒரு நாள் கொத்துக் கொத்தாக ஊதா நிறத்திலும் வெள்ளையிலும் பூத்துவிடும். இந்தத் தாமதத்துக்குச் செடியின் சோம்பல் காரணமன்று. இரவின் நீளத்தை அளந்து அறியும் சக்தி அதற்கு இருக்கிறது. பகல் சுருங்கி இரவு நீண்ட பிறகே அது மொட்டு விடும். செடிகளுக்கு இப்படியொரு ஞானம் உண்டென்பதை அமெரிக்க விஞ்ஞானிகளாகிய கார்னரும் அல்லார்டும் புகையிலைச் செடியை வைத்து ஆராய்ந்து 1920ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்று சொல்லிக்கொண்டிருந்த நம் குடியானவர்கள் காரணத்தை அறியாவிட்டாலும் காரியத்தை அறிந்தே இருந்தார்கள். எந்த மாதத்தில் விதைத்தாலும் காய்க்கிற செடியவரை இப்போது வந்திருக்கிறது, சௌகரியமானதுதான். ஆனால் காலையில் எழுந்ததும் பல் விளக்கிக்கொண்டே பந்தலடியில் போய் நின்று, இன்றைக்காவது பூ வந்ததா என்று அண்ணாந்து பார்க்கும் அந்த எதிர்பார்ப்பின் இன்பத்தை அது தருவதில்லை.

மல்லிகைக்கும் தனக்கென்று ஒரு காலக்கணக்கு இருக்கிறது. பங்குனி, சித்திரை வெயிலில் காலையில் பறிக்கும்போது வாசனையற்றதாகக் கையில் கிடக்கும் மொட்டு, விளக்கேற்றும் வேளைக்கு வாய் திறந்து வீடு முழுவதும் மணக்கிறதே, அது நமக்காக அன்று. வெண்ணிறமும் இரவு மணமும் இருட்டில் பறக்கும் அந்துப்பூச்சிகளை அழைப்பதற்கு இயற்கை வகுத்த உபாயங்கள். பூச்சிக்கு விடுத்த அழைப்பில் நாமும் பங்கு பெறுகிறோம் என்று அறிந்த பிறகு, திண்ணையில் உட்கார்ந்து பூத்தொடுக்கும் பெண்களைப் பார்க்கும்போது எனக்கு அந்த மணம் இரட்டிப்பாகத் தோன்றுகிறது.

வெயில் கொளுத்தும் அந்த நாட்களிலேயே வீட்டுக்குள்ளும் சில ஆனந்தங்கள் காத்திருக்கின்றன. வெட்டிவேர் போட்ட புது மண்பானையில் தண்ணீர் எப்படிக் குளிர்கிறது என்று குழந்தைகள் கேட்பதுண்டு: பானையின் கண்ணுக்குத் தெரியாத துவாரங்கள் வழியாக நீர் கசிந்து, வெளிப்பக்கத்தில் ஆவியாகும்போது உள்ளிருக்கும் வெப்பத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. ஆகையால்தான் காற்றோட்டமான தாழ்வாரத்தில் மணல் பரப்பி அதன்மேல் பானையை வைக்கிறார்கள். கூழ்வற்றலோ, காய்ந்த பிறகு எண்ணெயில் பொரித்துத் தின்பதைவிட, மொட்டை மாடியில் காக்கைக்குக் காவல் இருக்கும் பிள்ளைகள் பாதி காய்ந்த நிலையிலேயே துணியிலிருந்து உரித்துத் தின்னும்போதுதான் அதிக ருசி.

அடுத்து, மண்வாசனை. காஞ்சிபுரம் பக்கத்தில் ஆனி, ஆடி மாதங்களில் பகலெல்லாம் காய்ந்துவிட்டு, சாயங்காலத்தில் திடீரென்று இடிமழை பெய்வது வழக்கம். அப்போது எழும் மணத்துக்கு முக்கியமான காரணம், மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்னும் பொருள். அது எவ்வளவு சூட்சுமமாகக் காற்றில் கலந்திருந்தாலும் மனிதர் மூக்கு கண்டுகொள்ளும். வறட்சிக் காலத்தில் கல்லும் மண்ணும் ஈர்த்து வைத்திருந்த ஒருவகை எண்ணெயும் அதனோடு சேர்ந்து வெளிப்படுகிறதென்று இஸபெல் ஜாய் பேர், ரிச்சர்டு தாமஸ் என்னும் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் 1964இல் எழுதினார்கள். உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜில் இந்த வாசனையையே சுட்ட மண்ணிலிருந்து வடித்துச் சந்தன எண்ணெயில் பிடித்து அத்தராக விற்கிறார்கள். நமக்கோ அது வாசலிலேயே, விலையின்றிக் கிடைக்கிறது. ஆனால் வாசலில் மண் இருக்க வேண்டும்.

இங்கேதான் எனக்கு ஒரு வருத்தம். அண்மைக் காலத்தில் கட்டப்படும் வீடுகளில், சேறு படாமல் சுத்தமாக இருக்க வேண்டும் என்னும் நியாயமான ஆசையினால், முன்வாசலிலிருந்து கொல்லைச் சுவர் வரைக்கும் சிமென்ட் பூசிவிடுகிறார்கள். பூசிய இடத்தில் மழைநீர் இறங்காது, பாத்திரம் கழுவிய நீர் சாக்கடைக்குப் போகும். செம்பருத்தியும் இருக்காது, அதன் பெரிய பூக்களின் அடிப்பாகத்தை வளைந்த அலகால் துளைத்துத் தேனெடுக்கும் தேன்சிட்டும் வராது. தாழ்வாரத்துக் கம்பியில் சிலந்தி நூலையும் நாரையும் கொண்டு, நுழைவாயிலுக்கு மேலே சிறு தாழ்வாரமும் வைத்து அது கட்டும் தொங்கும் கூட்டைப் பார்த்த குழந்தையும் பாராத குழந்தையும் ஒரேவிதமாக வளர்கின்றன என்று என்னால் நம்ப முடியவில்லை. சுத்தத்துக்குச் சிமென்ட் வேண்டுமானால் நடக்கும் பாதைக்கு மட்டும் போட்டுக்கொண்டு, சுவரோரம் நாலடி மண்ணையாவது விட்டுவைக்கும்படி வீடு கட்டுகிறவர்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

அந்த நாலடியில் என்ன செய்யலாம்? ஆடி பிறந்ததும் ஒரு முழ ஆழத்துக்குக் குழி எடுத்து, மக்கிய தொழு உரத்தை மண்ணோடு கலந்து நிரப்பி, மூன்று நான்கு அவரை விதைகளை ஊன்றி, வலுவான இரண்டு கொடிகளை மட்டும் விட்டு, சவுக்குக் கழி நாட்டிப் பந்தல் போட்டுவிடலாம். தை மாதம் வந்தால் காய் ஒரு வீட்டுக்கு மிஞ்சும். ‘கொடி நெறைய காய்ச்சிருக்குது அண்ணி, வந்து பறிச்சிக்கினு போங்க’ என்று சுவருக்கு மேலாகக் குரல் கொடுப்பதும், காய் வாங்கிப் போன கிண்ணத்திலேயே அண்ணி முருங்கைக்கீரையைப் போட்டு அனுப்புவதும் இந்த ஊர்களில் இன்னும் நடக்கிற காரியங்கள். கடைசிக் காய்களைப் பறிக்காமல் கொடியிலேயே முற்றவிட்டு, நெற்றை உரித்து, விதையை அடுப்புச் சாம்பலில் புரட்டி எடுத்து வைப்பார்கள். அடுத்த ஆடியில் விதை கேட்டு வருகிறவர்களிடம் யாரும் காசு வாங்குவதில்லை.