மலிவான ஒலி ஒடுக்கிகளை மதிப்பிடல்

பழைய வால்வு விரியலாக்கிகளையும் வானொலிகளையும் இன்றும் தம் இல்லங்களிற் பேணிவரும் பழைய மாணவர் எம்மிடையே உளர். அவற்றைத் திருத்த முற்படுவோர் முதலில் மாற்றவேண்டியிருப்பது பெரும்பாலும் ஒடுக்கிகளையே. எம் காலத்தில் ஒடுக்கி என வகுப்பிற் கற்றதும், இன்றைய மாணவர் கொள்ளளவி என்பதும், கடைக்காரர் கண்டென்சர் என்பதும் ஒரே பொருள்தான். ஒலிக்கென்றே ஆக்கப்பட்டவை என்னும் விளம்பரத்தோடு, பொன்னெழுத்துப் பொறித்த ஒடுக்கிகள் இப்பொழுது மலிவான விலைக்கும் அஞ்சலில் வந்து சேர்கின்றன. அவற்றை நம்பலாமோ என்பதே வினா. ‘ஒலிக்குரியது’ என்னும் சொல்லை எவரும் அச்சிடலாம். ஆகையால் மதிப்பீட்டை அச்சொல்லிலிருந்து தொடங்குதல் ஆகாது. ஒடுக்கி எவ்விடத்தில் அமர்ந்து என்ன வேலை செய்யப்போகின்றது என்பதிலிருந்தே தொடங்குதல் வேண்டும்.

இணைப்பு ஒடுக்கியை எடுத்துக்கொள்வோம். அது ஒரு வால்வின் அனோட்டிலுள்ள உயரழுத்தத்தைத் தடுத்து, ஒலிக்குறியை மட்டும் அடுத்த வால்வின் நெய்யரிக்கு விடுகின்றது. இவ்விடத்தில் முதற் குணம் இனிமையன்று, ஒழுக்கின்மையே. ஈ.எல்.84 என்னும் வெளியீட்டு வால்வு 250 வோல்ற்றில் வேலைசெய்கையில் அதன் நெய்யரி ஏறக்குறைய 7 வோல்ற்று எதிராக இருத்தல் வேண்டும். நெய்யரித் தடை 470,000 ஓம் எனக் கொள்வோம். ஒடுக்கியினூடாக 10 மைக்குரோ அம்பியர் மாத்திரம் ஒழுகினாலும், அத்தடையில் 4.7 வோல்ற்று தோன்றி நெய்யரியை நேர்ப்பக்கம் தள்ளும். வால்வு அளவுக்கு மிஞ்சிய ஓட்டத்தை இழுக்கும்; அனோட்டு செந்நிறங் கொள்ளும்; சிலவேளை வெளியீட்டு மாற்றியும் எரிந்துபோகும். சில ரூபாய்ப் பொருளொன்று, தேடியும் கிடைத்தற்கரிய பொருளை அழிப்பது இவ்வாறே.

சோதனை எளிது. ஒடுக்கியின் ஒரு முனையை 250 வோல்ற்று நேரோட்ட வழங்கலின் நேர்முனையிலும், மறுமுனையை 10 மெகா ஓம் உட்டடையுடைய இலக்க வோல்ற்றுமானியினூடாக எதிர்முனையிலும் இணைத்து, ஒரு நிமிடம் பொறுத்து நோக்குக. மானி 1 வோல்ற்றைக் காட்டின் ஒழுக்கு 0.1 மைக்குரோ அம்பியராகும். நல்ல பொலிபுரோப்பிலீன் ஒடுக்கி அதனினும் மிகக் குறைவாகவே காட்டும்; மெழுகிட்ட பழைய கடதாசி ஒடுக்கிகளோ பல வோல்ற்றுக்களைக் காட்டி எம்மை நாணச் செய்யும். மாணவர் இதனை ஆசிரியர் அருகிருக்கவே செய்தல் வேண்டும். இணைப்பைக் கழற்றிய பின்னரும் ஒடுக்கியில் ஏற்றம் தங்கும். அதனை ஒரு தடையினூடாக இறக்கிய பின்னரே தொடலாம்.

வழங்கற் பகுதியிலுள்ள மின்பகுபொருள் ஒடுக்கிகளில் வஞ்சனை அதிகம். 47 மைக்குரோபரட், 450 வோல்ற்று எனப் பொறித்த நான்கினை நாம் ஒருமுறை தருவித்தோம். ஒன்று கைக்கு இலேசாக இருந்தது. அளந்தபோது 20 வரையே காட்டிற்று. அறுத்துப் பார்த்தால், பெரிய உறையினுள்ளே சிறிய ஒடுக்கியொன்று குடியிருந்தது! விற்றவர் பெயர் இங்கு வேண்டியதில்லை. இவ்வகையில் 20 சதவீத ஏற்றத்தாழ்வு வழமையே. பாதிக்கும் குறைவு வழமையன்று. கொள்ளளவோடு உட்டடையையும் அளத்தல் நன்று. உள்ளேயுள்ள திரவம் உலர உலர அத்தடை ஏறும். வெப்பநிலை ஒவ்வொரு 10 பாகை கூடவும் ஆயுள் பாதியாகும் என்பது பொறியியலாளர் கொள்ளும் அண்ணளவான விதி. ஆதலால் எமது நாட்டு வெப்பத்தில், வால்வுகளின் அருகே, 85 பாகைப் பொருளிலும் 105 பாகைப் பொருளே தக்கது.

அப்படியாயின் ஒலிக்கென ஆக்கியவை யாவும் பொய்யோ? அன்று. எல்னா நிறுவனத்தாரின் சில்மிக் வகையில் தட்டுக்களைப் பிரிக்கும் தாளிற் பட்டிழை கலக்கப்படுகின்றது. இது மெய்யான வேறுபாடு. எனினும் பெறுமானத்தைச் சரியாகத் தெரிதல் அதனிலும் பெரிது. 10,000 ஓம் தடைக்கு முன்னே 1 மைக்குரோபரட் மின்பகுபொருள் ஒடுக்கியை இட்டால், 20 சுற்று மீடிறனில் ஒலிக்குறியின் பத்தில் ஆறு பங்கு அதன்மீதே விழும். திரிபு அங்கேதான் பிறக்கின்றது. 10 மைக்குரோபரட் இட்டால் பத்தில் ஒரு பங்கும் விழாது. திரிபு எழ இடமே குறைவு. பெயர்பெற்ற சிறியதிலும், சாதாரணமான பெரியது நன்றாயிருப்பது இதனாலேயே.

செவியாற் சோதிப்போர் ஒன்றை நினைத்தல் வேண்டும். ஒடுக்கியை மாற்றிப் பற்றவைப்பதற்குள் முன்கேட்ட ஒலியின் நினைவு மங்கிவிடும். இரண்டையும் ஆளியொன்றில் இணைத்து, எது எதுவென அறியாதவாறு நண்பர் ஒருவரைத் திருப்பச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். நாம் இருபது முறை கேட்டு, பதினொரு முறை சரியாகச் சொன்னோம். நாணயத்தைச் சுண்டியிருந்தாலும் ஏறக்குறைய அவ்வளவே கிடைத்திருக்கும்.