வளையங்கள் தாங்கிய மருத்துவமனை

1971 பிப்ரவரி 9, காலை 6 மணி. லாஸ் ஏஞ்சலஸுக்கு வடக்கே, சில்மாரில் பூமி அதிர்ந்தது. அங்கே அப்போதுதான் கட்டி முடித்திருந்த ஆலிவ் வியூ மருத்துவமனையின் தரைத்தளத் தூண்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்தன. மூலைத் தூண்களில் குறுக்கு வளையங்களைத் தள்ளித் தள்ளிக் கட்டியிருந்தார்கள். அவை நொறுங்கி, உள்ளிருந்த கான்கிரீட் கற்குவியலாகக் கொட்டியது. நடுவில் நின்ற தூண்களிலோ கம்பி நெருக்கமான சுருளாகச் சுற்றப்பட்டிருந்தது. அவற்றிலும் மேலுறை உதிர்ந்தது, தூண்கள் கோணின. ஆனால் மாடிகளின் பாரத்தை அவை கைவிடவில்லை. சேதமடைந்த அந்தக் கட்டடத்தைப் பிற்பாடு இடித்தார்கள். அன்று காலை அது உள்ளிருந்தவர்கள் மேல் சரியவில்லை.

நம் ஊர் கம்பி வேலையில் இந்த வளையத்துக்கு ரிங் என்று பெயர். நெடுக்கம்பிகள் கலையாமல் பிடித்துக்கொள்ளத்தான் அது என்று பலர் நினைக்கிறார்கள். அந்தக் கம்பிகள் பாரத்தில் வெளியே வளையாமல் தடுப்பதும், குறுக்காக வெட்டும் விசையைத் தாங்குவதும் அதன் வேலைகளே. இவை போக இன்னொரு வேலையும் உண்டு. அதுதான் வியப்பானது.

கான்கிரீட்டை மேலிருந்து அழுத்தினால் பக்கவாட்டில் விரியும். அன்றாடப் பாரத்தில் இந்த விரிவு மிகச் சிறிது. ரிங்குக்கு உறைப்பதே இல்லை. உடையும் தறுவாயில் உள்ளே நுண்விரிசல்கள் பெருகி, விரிவு சட்டென்று கூடுகிறது. அப்போது ரிங் விறைத்து, கான்கிரீட்டை உள்நோக்கி அழுத்துகிறது. மணலை நினைத்துப் பாருங்கள். கொட்டிக் கிடக்கும் மணலில் கால் புதையும். அதையே சாக்கில் இறுகக் கட்டினால் ஏறி நிற்கலாம். 1920களின் இறுதியில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ரிச்சார்ட் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் கான்கிரீட்டில் இந்த இறுக்கத்தின் பலனை அளந்தார்கள். பக்கவாட்டு அழுத்தம் ஒரு பங்கு என்றால், தாங்கும் வலிமை ஏறத்தாழ நான்கு பங்கு கூடியது. அதைவிடப் பெரிய லாபம், இறுக்கப்பட்ட கான்கிரீட் பொசுக்கென்று உடைவதில்லை. பல மடங்கு அதிகமாக நசுங்கிய பிறகும் பாரத்தைத் தாங்குகிறது. நிலநடுக்கத்தில் உயிர்களைக் காப்பது இந்தக் குணமே.

ஆகவே, கம்பியை எந்த வடிவத்தில் சுற்றுகிறோம் என்பது முக்கியம். வட்டச் சுருள் எல்லாப் பக்கமும் சீராக இறுக்கும். சதுர ரிங்கோ மூலைகளில்தான் உறுதியாகப் பிடிக்கும். நடுப்பகுதி வெளியே பிதுங்கிவிடும். அகலமான தூணில் நடுக்கம்பிகளை எதிரெதிராகப் பிடித்திழுக்கும் கொக்கிகள் வேண்டும் என்பது அதனால்தான். இந்திய விதியான ஐ.எஸ். 456, சுருள் தூணுக்கு 5 சதவீத வலிமையைத்தான் கூடுதலாகத் தருகிறது. என் பார்வையில் இந்த எண் சுருளின் அருமையைச் சொல்லவில்லை. நசுங்கியும் விழாமல் நிற்கும் குணம் இந்தக் கணக்கில் வருவதில்லை.

இடைவெளியும் அப்படித்தான். இரண்டு ரிங்குகளுக்கு நடுவில் இருக்கும் கான்கிரீட்டுக்குப் பிடிமானம் குறைவு. எனவே, எடை ஒன்றே ஆனாலும், தடித்த ரிங்குகளைத் தூரத்தூரமாகக் கட்டுவதைவிட மெல்லியவற்றை நெருக்கிக் கட்டுவதே மேல். தூணின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் வளைவு அதிகம் என்பதால், நிலநடுக்கத்துக்கான ஐ.எஸ். 13920 அங்கே கண்டிப்பாக இருக்கிறது: தூணின் குறுகிய பக்கத்தில் கால் பங்கு, மெல்லிய நெடுக்கம்பியின் விட்டத்தைப்போல் ஆறு மடங்கு, 100 மில்லிமீட்டர் ஆகிய மூன்றில் எது குறைவோ அதற்கு மேல் இடைவெளி கூடாது.

கடைசியாக, ரிங்கின் முனை. 90 பாகையில் மடித்த முனை, மேலுறை உதிர்ந்ததும் பிரிந்துவிடும். அத்தனை எஃகும் வீண். 135 பாகையில் மடித்து, முனையை உள்கான்கிரீட்டுக்குள் செலுத்தினால் பிடி விடாது. இதற்குக் கூடுதலாகச் செலவாவது ஒரு சாண் கம்பிகூட இல்லை.

வீடு கட்டுகிறவர்களே, தூணுக்குப் பலகை அடைக்கும் முன் பொறியாளரை அழைத்து நிறுத்தி, ரிங்குகளின் இடைவெளியையும் முனைகளையும் பாருங்கள். தூணும் பீமும் சேரும் இடத்தில் கட்டுவது சிரமம் என்று ரிங்கை விட்டுவிடுவார்கள். அங்கேயும் கட்டச் சொல்லுங்கள். கான்கிரீட் ஊற்றிய பிறகு பார்க்க வழியில்லை.