அலையின் ஒடுக்கமும் "இப்பொழுது" என்னும் சொல்லும்

துகள் எங்கே காணப்படக்கூடுமெனக் கூறும் அலைச்சார்பு, பார்ப்பவன் நோக்கினாலன்றி ஓரிடத்தில் ஒடுங்காது. ஆகவே யாவற்றையும் நோக்கும் கடவுள் உண்டு என்று பிரசங்கிப்போர் உளர். இவ்வாதத்தை நாம் கையாளலாகாது. 1986இல் கிரார்டி, ரிமினி, வெபர் ஆகிய மூவர், நோக்குவோனின்றித் தானே நிகழும் ஒடுக்கத்தை வகுத்துரைத்தனர். தனித்துகளுக்கு அது பல கோடி ஆண்டுகளுக்கு ஒருமுறையே. எண்ணிறந்த துகள்கள் திரண்ட அளவுகருவியிலோ, நொடியினும் மிகக் குறுகிய பொழுதில் நிகழும்.

மெய்யான இடர் வேறிடத்தில் உள்ளது. அலை எங்கும் ஒரே கணத்தில் ஒடுங்குமெனில், அக்கணம் யாருடையது? ஐன்ஸ்டைனின் 1905ஆம் ஆண்டுச் சார்பியலின்படி, ஒருவர்க்கொருவர் சார்பாக இயங்கும் இருவர்க்கும் பொதுவான "இப்பொழுது" இல்லையே! தனிச்சிறப்புடைய கணமெதனையும் வேண்டாமலே ஒடுக்கத்தை அமைக்கலாமென 2006இல் டுமுல்கா காட்டினார்; ஆயினும் ஒன்றையொன்று தாக்காத துகள்களுக்கே அது பொருந்திற்று. தாக்கும் துகள்களுக்கு அவரே 2020இல் அதனை விரித்தார். புலக்கோட்பாடு முழுமைக்கும் யாவரும் ஏற்ற வடிவம் இன்னும் அமையவில்லை.