இரண்டு பக்கமும் உயிரோடு இருந்தது, நடுவில் செத்துப்போன கனெக்‌ஷன்

ரொம்ப நாளாக எழுத நினைத்த ஒரு விஷயம். நெட்வொர்க் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. ஆனால் இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் ஒரு பையன் செய்யாத தப்புக்குத் திட்டு வாங்கினான். அதனால் விவரமாகவே எழுதி வைக்கிறேன்.

சென்னையில் இருந்துகொண்டு இங்கிலாந்துக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றுக்கு வேலை பார்த்த சமயம். பாலிசி விவரம் எல்லாம் மெயின்பிரேமில் இருந்தது. 1964-ல் ஐபிஎம் அறிவித்த சிஸ்டம்/360-ன் வழிவந்த இயந்திரம். பழைய நிரல்கள் இன்றும் அதில் ஓடும் என்பதால்தான் வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் அதை விடுவதில்லை. அதற்கு முன்னால் எங்கள் லினக்ஸ் சர்வர். கிளை ஊழியர் பாலிசி எண்ணைத் தட்டினால், சர்வர் மெயின்பிரேமிடம் கேட்டுப் பதில் வாங்கித் தரும். இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு டிசிபி கனெக்‌ஷன். ஒருமுறை திறந்தால் நாள்கணக்கில் அப்படியே இருக்கும்.

ஒரு நாள் காலை, அவர்களுக்கு எட்டு மணி, நமக்குப் பன்னிரண்டரை, முதல் விசாரணை தொங்கிவிட்டது. எர்ரர் இல்லை, பதிலும் இல்லை. கால் மணி நேரம் கழித்து டைம் அவுட். அதன்பின் நாள் முழுக்கப் பிரச்சினையே இல்லை. மறுநாள் காலை அதே கதை. அதிகாலை ஷிஃப்ட்டில் இருந்த பையன் சர்வர் புரோகிராமை ரீஸ்டார்ட் செய்தால் உடனே சரியாகும். "இவன் ஷிஃப்ட்ல மட்டும் ஏன் விழுது?" என்று மீட்டிங்கில் கேட்க ஆரம்பித்தார்கள்.

நான் முதலில் செய்தது எல்லோரும் செய்வதுதான். பிங் அடித்தேன், பதில் வந்தது. மெயின்பிரேமின் போர்ட்டுக்கு டெல்நெட் போட்டேன், உடனே திறந்தது. "நெட்வொர்க் நல்லாத்தான் இருக்கு" என்று எழுதி டிக்கெட்டை மெயின்பிரேம் அணிக்குத் தள்ளினேன். இங்கேதான் தப்பு. டெல்நெட் போடும்போது நான் திறப்பது ஒரு புதுக் கனெக்‌ஷன். நோயாளி பழைய கனெக்‌ஷன். பக்கத்து வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் பார்த்துவிட்டு இவருக்கு ஒன்றுமில்லை என்று சொன்ன மாதிரி.

மெயின்பிரேம் அணியில் ஒரு சீனியர் இருந்தார். டிக்கெட்டைத் திருப்பித் தள்ளாமல் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, உங்க சர்வர் எத்தனை கனெக்‌ஷன் வச்சிருக்கும்?"

"ஒண்ணே ஒண்ணுதான் சார்."

"இங்க அஞ்சு நிக்குதேப்பா."

அவர் நெட்ஸ்டாட் திரையைக் காட்டினார். எங்கள் சர்வர் முகவரியிலிருந்து ஐந்து வரிகள், ஐந்தும் உயிரோடு இருப்பதாகவே நிலை காட்டியது. மெயின்பிரேமை ஞாயிறுதோறும் ரீஸ்டார்ட் செய்வார்கள். அன்று வியாழன். ஒவ்வொரு காலையும் நாங்கள் கைவிட்ட கனெக்‌ஷன் ஒன்று அங்கே அப்படியே நின்றது. நாங்கள் போய்விட்டோம் என்பதே மெயின்பிரேமுக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை இரண்டு பக்கமும் பாக்கெட்டுகளைப் பிடித்துப் பார்த்தோம். சர்வர் கேள்வியை அனுப்புகிறது. பதில் இல்லை. மறுபடி அனுப்புகிறது, இடைவெளி ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாகிறது. மெயின்பிரேம் பக்கம் ஒரு பாக்கெட்கூட வந்து சேரவில்லை. அப்படியானால் தின்றது நடுவில் இருப்பது. நடுவில் இருந்தது ஃபயர்வால்.

டிசிபி கனெக்‌ஷன் என்றால் ஏதோ கம்பி மாதிரி நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது இரண்டு முனைகளும் வைத்திருக்கும் ஞாபகம் மட்டும்தான். பேசாமல் இருந்தால் கம்பியில் எதுவுமே போகாது. நடுவில் உள்ள ஃபயர்வாலும் தன் பங்குக்கு ஒரு நோட்டு வைத்திருக்கும். அபார்ட்மென்ட் வாட்ச்மேன் மாதிரி, யார் யாரிடம் பேசுகிறார்கள் என்று எழுதிக்கொள்ளும். ஒரு மணி நேரம் சத்தமே இல்லையென்றால் அந்த வரியை அடித்துவிடும். அதன்பின் அந்தப் பேச்சின் தொடர்ச்சியாக எது வந்தாலும், நோட்டில் பெயர் இல்லை என்று குப்பையில் போடும். அனுப்பியவரிடம் சொல்லவும் சொல்லாது. ராத்திரி முழுக்க விசாரணை எதுவும் இல்லை. காலையில் வரும் முதல் கேள்வி நேராகக் குப்பைக்குத்தான்.

கால் மணி நேரக் கணக்கும் இதில் வந்துவிடுகிறது. லினக்ஸ் பதிலில்லாத பாக்கெட்டை வழக்கமான அமைப்பில் 15 முறை திரும்ப அனுப்பிவிட்டுத்தான் கைவிடும். அதற்குக் குறைந்தது 924.6 நொடி, அதாவது பதினைந்து நிமிடத்துக்கும் கொஞ்சம் மேல்.

இதற்குத்தானே கீப்அலைவ் இருக்கிறது என்று கேட்பீர்கள். சும்மா இருக்கும்போதும் "இருக்கியா?" என்று ஒரு சின்னப் பாக்கெட் அனுப்பும் வசதி. ஆனால் புரோகிராம் கேட்டால்தான் அது வேலை செய்யும், எங்கள் புரோகிராம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பயனில்லை. 1989-ல் வந்த ஆர்எப்சி 1122, கீப்அலைவின் இயல்பு நேரம் இரண்டு மணிக்குக் குறையக்கூடாது என்கிறது. லினக்ஸில் 7200 நொடி, மெயின்பிரேமில் 120 நிமிடம். ஃபயர்வால் மறப்பதோ ஒரு மணி நேரத்தில்.

சந்தேகம் தீர ஒரு சோதனைக் கனெக்‌ஷன் திறந்தோம். 55 நிமிடம் சும்மா விட்டுக் கேட்டால் பதில் வந்தது. 65 நிமிடம் விட்டால் தொங்கியது. ஃபயர்வால் அணி அமைப்பைத் திறந்து பார்த்தார்கள். 3600 நொடி.

"ஆனா இந்த அமைப்பை ஒரு வருஷமா நாங்க தொடவே இல்லையே" என்றார்கள். அதுவும் உண்மை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டாம் நாளே அந்தப் பையன் என்னிடம் சொல்லியிருந்தான்: "அண்ணா, அந்த அரைமணி ஜாப்ப நிறுத்துன மறுநாள்லருந்துதான் இப்படி ஆகுது." அரை மணிக்கு ஒருமுறை அதே கனெக்‌ஷன் வழியாக ஒரு சும்மா விசாரணை போய்க்கொண்டிருந்தது. மெயின்பிரேமின் சிபியு செலவைக் குறைக்க வேண்டும் என்று முறையாக ஒப்புதல் வாங்கி, அவன் கையால் நிறுத்தப்பட்டது. வீண் வேலை என்று எல்லோரும் நினைத்த அதுதான் வாட்ச்மேனைத் தூங்கவிடாமல் வைத்திருந்தது. "அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லப்பா" என்று நான்தான் அவனை அனுப்பிவிட்டேன்.

தீர்வு சின்னது. புரோகிராமில் கீப்அலைவைப் போட்டு, சர்வரில் நேரத்தை 600 நொடியாகக் குறைத்தோம். பதில் வராவிட்டால் 30 நொடியில் கைவிட்டுப் புதுக் கனெக்‌ஷன் திறக்கும்படியும் மாற்றினோம். ஃபயர்வாலைத் தொடவில்லை. அது தன் வேலையைத்தான் செய்தது.

உங்களுக்கும் காலையில் மட்டும் தொங்கும் கனெக்‌ஷன் வாய்த்தால், பிங்கை நம்பாதீர்கள். பழைய கனெக்‌ஷனையே இரண்டு முனையிலும் பாருங்கள். நடுவில் யார் நோட்டு வைத்திருக்கிறார், எவ்வளவு நேரத்தில் மறக்கிறார் என்று கேளுங்கள். அப்புறம், கடைசியாக எது நின்றது என்று ஷிஃப்ட்டில் இருப்பவரிடம் கேளுங்கள். எது புதிதாக வந்தது என்று மட்டுமே நான் தேடிக்கொண்டிருந்தேன்.

அடுத்த மீட்டிங்கில் காரணத்தை விளக்கும்போது, இதை முதலில் சொன்னது அவன்தான் என்று சொன்னேன். மூன்று வாரம் தாமதமாக.