சோக் இழுத்த காலையும் பொத்தான் அழுத்தும் காலையும்

அறுபது, எழுபதுகளில் கிள்ளான் பள்ளத்தாக்கில் காடி வைத்திருந்தவர்கள் அதைக் கிளப்பவே தனியாக நேரம் ஒதுக்கினார்கள். மோரிஸ் மைனராக இருந்தால் முதலில் சோக் குமிழை வெளியே இழுக்க வேண்டும். எண்ணெய் மிதியை அளவோடு தொட வேண்டும். சோக்கை இழுத்தபடியே பதறிப் பலமுறை கிளப்ப முயன்றால் பெட்ரோல் மிகுந்து பிளக் நனைந்துவிடும். அது காயும்வரை வேலைக்குப் போக முடியாது. எஞ்சின் சீராக ஓடத் தொடங்கியதும் சோக்கை மெல்ல உள்ளே தள்ளுவார்கள்.

பனியே பெய்யாத ஊரில் சோக் எதற்கு என்று தோன்றலாம். விடியற்காலை பிரிக்பீல்ட்ஸில் 24 டிகிரி இருக்கும். நமக்கு அது இதமான காற்று. ஆனால் ஓடும்போது 90 டிகிரிச் சூட்டில் இருக்க வேண்டிய எஞ்சினுக்கு அதுவும் குளிர்தான். குளிர்ந்த இரும்பில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது. அதனால் காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டித் தருவதுதான் சோக்கின் வேலை.

பேட்டரி கைவிட்டால் முன்பக்கத் துளையில் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுற்றுவார்கள். கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது மூத்தவர்கள் சொல்லித் தந்த பாடம். எஞ்சின் பின்னுக்கு உதைத்தால், கைப்பிடியைச் சுற்றிப் பிடித்த விரல் முறியும். 1912இல் கெடிலாக் காருக்கு மின் ஸ்டார்ட்டர் வந்ததற்கு இந்த ஆபத்து பெரிய காரணம். கைப்பிடியும் இல்லையென்றால் பக்கத்து வீட்டு அண்ணன்மார் தள்ளுவார்கள். ஓட்டுபவர் இரண்டாம் கியரில் கிளட்சை விடுவார். வெளியூருக்கு ஓடிய டீசல் பென்ஸ் டாக்ஸிகளில் வேறு ஒழுங்கு: உள்ளே கம்பி பழுத்துச் சூடேறும்வரை பொறுத்திருந்து அப்புறம்தான் கிளப்ப வேண்டும். அந்தப் பொறுமையை நான் மிகவும் மதிக்கிறேன்.

1985இல் வந்த புரோட்டோன் சாகாவிலும், 1994இல் வந்த பெரோடுவா கன்சிலிலும்கூட முதலில் பெட்ரோலைக் காற்றோடு கலந்து தரும் கார்புரேட்டர்தான். பிறகு கணினி பெட்ரோலை அளந்து தெளிக்கும் முறை பரவியது. இன்றைய மைவியில் பிரேக்கை மிதித்துப் பொத்தானை அழுத்தினால் போதும்.

கார் மாறிவிட்டது, பழக்கம் மாறவில்லை. கிள்ளானில் இன்றும் பல வீடுகளில் காலையில் பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டுவிட்டுத்தான் அப்பா குளிக்கப் போகிறார். இது தேவையில்லை. இரவில் கீழே இறங்கிய எஞ்சின் எண்ணெய் சில விநாடிகளில் மேலேறிவிடும். அரை நிமிடம் போதும். பிறகு முதல் சில கிலோமீட்டர் முறுக்காமல் ஓட்டினால் நின்ற இடத்தில் சூடாவதைவிட விரைவாகச் சூடாகும். விடியலில் 15 டிகிரி வரை இறங்கும் கேமரன் மலையிலும் புதிய பெட்ரோல் காருக்கு இதே கணக்குதான். அங்கே இன்றும் காய்கறி சுமக்கும் பழைய லேண்ட் ரோவர்களுக்கு மட்டும் பழைய பொறுமை வேண்டும்.

வீணாகும் பெட்ரோலைவிடப் புகைதான் எனக்குக் கவலை. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கதவடைத்த போர்ச்சிலும், கொண்டோ அடித்தளத்திலும் எஞ்சினை ஓடவிடாதீர்கள். ஏர்கோனைப் போட்டுக்கொண்டு காருக்குள் உறங்கியவர்கள் எழாமலே போன செய்திகள் நம் நாட்டில் வந்திருக்கின்றன. பொத்தான் கார் சத்தமின்றி ஓடிக்கொண்டே இருக்கும். இறங்கும்போது அணைந்துவிட்டதா என்று பாருங்கள்.

நம் ஊர் வெயில் பேட்டரியையும் சீக்கிரம் தின்றுவிடும். இரண்டு மூன்று ஆண்டுகள் உழைத்தாலே பெரிது. ஆட்டோ கியர் காரைத் தள்ளிக் கிளப்ப முடியாது, ஜம்பர் வயர்தான் வழி. சிவப்பு வயரைச் செத்த பேட்டரியின் பிளஸ்ஸில் மாட்டி, மறுமுனையை நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில் மாட்டுங்கள். கறுப்பு வயரின் ஒரு முனை நல்ல பேட்டரியின் மைனஸுக்கு. கடைசி முனையைச் செத்த பேட்டரியில் மாட்டாமல், அந்தக் காரின் எஞ்சினில் பெயின்ட் இல்லாத இரும்பில் மாட்டுங்கள். பேட்டரியிலிருந்து கசியும் ஹைட்ரஜன் அருகே பொறி பறக்கக் கூடாது.

அன்று இருந்து இன்றும் மாறாத ஆபத்து வெள்ளம். 1971 ஜனவரியில் கோலாலம்பூர் மூழ்கியது. 2021 டிசம்பர் 18 மழையில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் கார்கள் கூரைவரை நீரில் நின்றன. நீர் வடிந்ததும் ஓடுகிறதா என்று பார்க்கத்தான் கை பரபரக்கும். சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீரைப் பிஸ்டனால் அமுக்க முடியாது. ஒரே சுற்றில் கனெக்டிங் ராட் வளைந்துவிடலாம், காப்பாற்றியிருக்கக்கூடிய எஞ்சின் அங்கேயே போய்விடலாம். வெள்ளத்தில் நின்ற காரின் பொத்தானைத் தொடாதீர்கள். பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றிவிட்டு இழுவை லோரியைக் கூப்பிடுங்கள். முதல் ஸ்டார்ட்டை ஃபோர்மேன் செய்யட்டும்.