மலைக்காட்டில் தீ பிடித்தால்…



காஞ்சிபுரத்தை அடுத்த கூரத்தில் கிடைத்த செப்பேடு, பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் காலத்துடையது. பாலாற்றிலிருந்து கால்வாய் வெட்டி ஊர் ஏரிக்கு நீர் கொண்டுவந்ததை அது சொல்கிறது. பாலாறு பிறப்பது நந்தி மலையில். ஆறு பிறக்கும் மலைக்காடு நலமாக இருந்தால்தான் சமவெளி ஏரிக்கும் நல்லது.

மலைக்காடுகள் தீயை எப்படித் தாங்குகின்றன? நீலகிரி மாவட்டத்து முதுமலையில், 50 ஹெக்டேர் பரப்பிலுள்ள மரங்களை 1988 முதல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தினர் தொடர்ந்து ஆய்வு செய்கிறார்கள். அங்கே கோடைத் தீ பெரும்பாலும் காய்ந்த புல்லையும் சருகையும் பற்றித் தரையோடு பரவுகிறது. தடித்த பட்டையுள்ள பெரிய மரங்கள் பலவும் தப்பிவிடுகின்றன. இளங்கன்றுகள் கருகினாலும் வேரிலிருந்து மறுபடி துளிர்க்கின்றன. ஆனால் அடிக்கடி தீ வந்தால், அந்தத் துளிர் மரமாக வளர அவகாசம் இல்லை. உயரத்துச் சோலைக்காடுகளுக்கோ தீயைத் தாங்கும் திறன் மிகக் குறைவு. எரிந்த சரிவில் பெருமழை பெய்தால் மேல்மண் அரித்துப்போகும்.

கோடையில் மலைக்குச் செல்பவர்களே, காட்டில் அடுப்பு மூட்டாதீர்கள். பீடி, சிகரெட் துண்டுகளை வீசாதீர்கள். புகை தெரிந்தால் உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள்.