மரத்தடியிலிருந்து மைதானத்துக்கு

விளையாட்டுப் பாடவேளையில் நம் பள்ளி மைதானத்தைக் கவனித்திருப்போம். பத்துப் பேர் ஆடுவார்கள். சிலர் மரத்தடியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கு ஆட விருப்பமில்லை என்று நாமே முடிவு செய்துவிடுகிறோம். சென்னைக் கிரிக்கெட்டின் வரலாறும் இப்படியொரு மரத்தடியில்தான் தொடங்குகிறது.

1846இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் ஐரோப்பியர்களுக்கானது. சேப்பாக்கத்தில் இருந்த அதன் ஓய்வுக்கூடத்தில் இந்திய ஆட்டக்காரர்களுக்கு இடமில்லை. அவர்கள் எதிரணியாக ஆட வந்தாலும் மதிய உணவை மரத்தடியில்தான் சாப்பிட வேண்டும்.

இந்த அவமதிப்பை ஏற்க மறுத்தவர் மயிலாப்பூர் லஸ் இல்லத்தில் வாழ்ந்த புச்சிபாபு நாயுடு (1868–1908). 1888இல், சுமார் 20 வயதில், மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார். இளைஞர்களைத் திரட்டி, மட்டையும் சீருடையும் தந்து, பயிற்சியும் கிடைக்கச் செய்தார். அணி வலுப்பெற்ற பிறகு, ஐரோப்பியர்களும் இந்தியர்களும் சமமாக மோதும் போட்டிக்கு ஏற்பாடு செய்தார். 1908இன் இறுதியில் அந்த ஆட்டத்துக்குச் சில நாள்களே இருந்தபோது அவர் காலமானார். ஆனாலும் ஆட்டம் நின்றுவிடவில்லை. பிற்காலத்தில் அது பொங்கலையொட்டி நடக்கும் புகழ்பெற்ற பிரசிடென்சி போட்டியாக வளர்ந்தது. அவர் மகன் சி. ராமசாமி 1922இல் டேவிஸ் கோப்பை டென்னிஸிலும், 1936இல் இந்திய டெஸ்ட் அணியிலும் ஆடினார். புச்சிபாபு பெயரிலான கோப்பைப் போட்டி இன்றும் தொடர்கிறது.

அமெரிக்காவிலும் இதேபோல் நடந்தது. பெரிய பேஸ்பால் அணிகளில் கறுப்பின வீரர்களைச் சேர்க்காத காலத்தில், 1920இல் ரூப் ஃபாஸ்டர் அவர்களுக்கென ஒரு தேசிய லீக்கை உருவாக்கினார். கறுப்பினத்தவர் அணியொன்றில் ஆடிய ஜாக்கி ராபின்சன், 1947 ஏப்ரல் 15 அன்று புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காகக் களமிறங்கித் தடையை உடைத்தார். அவர் அணிந்த 42ஆம் எண்ணை 1997 முதல் எந்த அணியும் புதிதாக எவருக்கும் தருவதில்லை.

ஒரு வேறுபாட்டையும் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும். புச்சிபாபு வசதியான குடும்பத்தவர். பல்வாங்கர் பாலுவுக்கு அந்த வசதி இல்லை. ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த அவர், புனேயில் தன் சொந்த அணியினரிடையே தனி மண்குவளையில் தேநீர் குடிக்க வேண்டியிருந்தது. அதே பாலு 1911 இங்கிலாந்துப் பயணத்தில் நூறுக்கும் மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தினார். ஆக, வெளியிலிருந்து வரும் தடையும் உண்டு, நமக்குள்ளேயே இருக்கும் தடையும் உண்டு.

அடுத்த விளையாட்டு வேளையில் ஒன்று செய்து பார்க்கலாம். யார் ஆடினார்கள், யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று ஒரு வாரம் குறித்து வைப்போம். திரும்பத் திரும்ப உட்கார்ந்திருக்கும் பெயர்கள் எவை? பெண்குழந்தைகளா, மாற்றுத்திறன் குழந்தைகளா, காலணி இல்லாதவர்களா? பிறகு அவர்களையே அணித்தலைவர்களாக்கி, அணி பிரிக்கச் சொல்வோம். மரத்தடி நிழல் களைப்பாறுவதற்கு மட்டும் இருக்கட்டும்.